சிறுபாணன் வழியும் பேழைத் தேடலும்

பத்துப்பாட்டினுள் ஆற்றுப்படை நூல்கள் ஐந்து. பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனுக்குத் தான் பெற்ற வளத்தை எடுத்துரைத்து, அவ்வள்ளலிடம் செல்லும் வழியைக் காட்டுவது ஆற்றுப்படை என்பதைத் தமிழ் பயிலும் மாணவர் அனைவரும் அறிவர். தேர்வுக்கு அவ்வளவே போதும். ஆயின் 'வழி காட்டுதல்' என்பதனை அதன் நேர்ப்பொருளிலேயே கொண்டு, காட்டிய வழியில் நாமும் சென்று பார்த்தால் என்ன என்னும் வினா வகுப்பறையில் எழுவதில்லை. சிறுபாணாற்றுப்படை சுட்டும் ஊர்கள் நமக்கு எட்டாத தொலைவில் உள்ளவை அல்ல. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தை அடைந்தால் பாணனின் முதல் நிறுத்தத்தை அடைந்தவர் ஆவோம். கடந்த கோடை விடுமுறையில் இருசக்கர ஊர்தியில் தனியே அவ்வழி சென்று வந்தேன். அப்பயணத்திற்கு என்னைத் தூண்டியது, வியப்பாகத் தோன்றலாம், அமெரிக்க நாட்டில் தோன்றிய ஒரு விளையாட்டு.

'ஜியோகேச்சிங்' என வழங்கும் அவ்விளையாட்டைத் தமிழில் 'பேழைத் தேடல்' எனலாம். செயற்கைக்கோள் வழி இடமறியும் கருவிகள் பொதுமக்களுக்குக் கிடைத்த பின்னரும், படைத்துறை நோக்கம் கருதி அவற்றின் குறிப்புகளில் வேண்டுமென்றே பிழை புகுத்தப்பட்டிருந்தது. கருவி காட்டும் இடத்திற்கும் உண்மை இடத்திற்கும் நூறு மீட்டர் அளவில் வேறுபாடு இருக்கும். அப்பிழை 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் கிளிண்டன் அரசின் ஆணையால் நீக்கப்பட்டது. உடனே, மே 3ஆம் நாள், டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்னும் ஊருக்கு அருகே கறுப்பு வாளி ஒன்றைக் காட்டில் மறைத்துவைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை வெளியிட்டார். வாளியினுள் குறிப்பேடு, பென்சில், சில நூல்கள், ஒரு டப்பா அவரை முதலியன இருந்தன. மூன்று நாள்களுக்குள் இருவர் அதனைக் கண்டுபிடித்துவிட்டனர். கண்டவர் குறிப்பேட்டில் பெயர் எழுதவேண்டும். ஒரு பொருளை எடுத்தால் அதற்கு ஈடான பொருள் ஒன்றை வைக்கவேண்டும். பேழையை இருந்த இடத்திலேயே மறைத்துவிட்டு வரவேண்டும். விதிகள் இவ்வளவே. இதற்கு முன்னோடியும் உண்டு. இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் 1854இல் ஜேம்ஸ் பெரட் என்னும் வழிகாட்டி, வருவோர் தம் பெயர்ச்சீட்டை இட்டுச்செல்ல ஒரு புட்டியை வைத்தார் என்பர்.

இவ்விளையாட்டின் வகைகளுள் இரண்டு நம் ஆய்வுக்கு உரியன. ஒன்று புதிர்வகை. இதில் இடம் நேரே கூறப்படுவதில்லை. விடுகதையை அவிழ்த்தால்தான் இடம் புலனாகும். மற்றொன்று 2004இல் தோன்றிய 'எர்த்கேச்'. இதில் பேழையே இல்லை. தேடிச் செல்பவர் அந்நிலத்தைக் கூர்ந்து நோக்கி, அங்கு நின்றால் மட்டுமே விடை தெரியும் வினாக்களுக்கு விடை எழுதவேண்டும். நிலமே அங்குப் பேழை.

இவ்விரண்டும் சிறுபாணாற்றுப்படையில் உள்ளன என்பது என் கருத்து. 269 அடிகளால் ஆன இந்நூலை இயற்றியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். பாணன் முதலில் சேரவேண்டிய ஊரின் பெயரைப் புலவர் வெளிப்படச் சொல்லவில்லை. மதிலின் பெயரைத் தன் பெயராகக் கொண்ட பட்டினம் என்னும் பொருளில் குறிப்பால் சுட்டி நிறுத்திவிடுகிறார். மதிலுக்கு எயில் என்பது மற்றொரு பெயர். எனவே அவ்வூர் எயிற்பட்டினம் என விடுவித்துக் காட்டுகிறார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். மதிலுக்குச் 'சோ' என்றும் ஒரு பெயர் உண்டு. செங்கடல் வழிநூலாகிய பெரிப்ளூஸ் இக்கடற்கரையில் பொதுகாவை அடுத்துக் கூறும் சோபட்மா என்னும் துறைமுகம் 'சோப்பட்டினம்', அதாவது இவ்வெயிற்பட்டினமே என அறிஞர் சிலர் கூறுவர். கிரேக்க மாலுமி ஒரு சொல்லாலும் தமிழ்ப் புலவர் மற்றொரு சொல்லாலும் அதே மதிலைக் குறித்தனர் என்பது உண்மையாயின், இதனினும் சுவையான புதிர் வேறில்லை. இன்றைய மரக்காணமே அவ்வூர் எனக் கொள்ளுதல் பெரும்பான்மை வழக்கு.

வடக்கிலிருந்து செல்வோர்க்கு மரக்காணத்திற்கு முன்பே இடைக்கழிநாடு வந்துவிடும். செங்கற்பட்டு மாவட்டத்தில் அப்பெயரோடே ஒரு பேரூராட்சி இன்றும் உள்ளது. ஒருபுறம் கடல், மறுபுறம் உப்பங்கழி. இடையே நீண்டு கிடக்கும் நிலத்திற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது. அங்குக் கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகள் உள்ளன. நவாபு தோஸ்த் அலிகான் வசம் இருந்து, 1750இல் தூப்ளேக்கு அளிக்கப்பட்டு, 1760இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்ட கோட்டை அது. கப்பல்துறையும் நாணயச்சாலையும் கொண்டிருந்த இடத்தில் இன்று செங்கற்சுவர்கள் சிலவே நிற்கின்றன. அஃது தனிக் கட்டுரைக்கு உரிய பொருள், மேற்செல்வோம்.

எயிற்பட்டினத்துக்குச் செல்லும் கடற்கரை வழியை நத்தத்தனார் காத அளவாலோ திசையாலோ குறிக்கவில்லை. மரங்களாலும் பூக்களாலும் குறிக்கிறார். தாழை அன்னம்போலப் பூக்கும். செருந்தி பொன்னோ என மயக்கும். கழிமுள்ளி நீலமணிபோல் மலரும். புன்னை முத்துப்போல் அரும்பும். இந்நான்கையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு தேடினேன். புன்னையும் தாழையும் எளிதில் கிடைத்தன. செருந்தியைக் காணவில்லை. எங்கும் நின்றது பாட்டு அறியாத சீமைக்கருவேல். நான்கு வழியாக விரியும் சாலையோரத்தில் நின்று நத்தத்தனாரின் அடையாளங்களைத் தேடுவது, எழுத்துச் சிதைந்த ஏட்டைப் படிப்பதுபோல் இருந்தது.

பட்டினத்தை அடைந்தால் என்ன கிடைக்கும் என்பதையும் புலவர் கூறுகிறார். அலைகள் கொணர்ந்து ஒதுக்கிய மணமுள்ள விறகால் நுளையர் மகள் தீ மூட்டுவாள். கரையில் கிடக்கும் அம்மரங்கள் உறங்கும் ஒட்டகங்கள்போல் தோன்றுமாம். வடதமிழகக் கரையில் நின்ற புலவர்க்கு ஒட்டகம் எப்படி உவமையாயிற்று, எக்கப்பலில் அது வந்தது என்று நான் பல முறை எண்ணியதுண்டு. அங்குப் பாணனுக்குக் கிடைப்பவை தேறலும் சுட்ட குழல்மீனும். தேறலைத் தேடும் கடப்பாடு எனக்கில்லை, மீன் கிடைத்தது.

மரக்காணம் செல்லும் எவர் கண்ணிலும் முதலில் படுவது உப்பளம். ஊரை ஒட்டிக் கழியோரம் முழுதும் பாத்திகள். ஒவ்வொரு பாத்தியும் ஒரு கண்ணாடி. உவர்நீரைத் தேக்கிப் பாத்தி மாற்றிப் பாத்தி வெயிலில் காயவிடுகின்றனர். போமே அளவில் ஏறத்தாழ மூன்றரை டிகிரியாக உள்ள கடல்நீர், 25 டிகிரியை நெருங்கும்போது உப்பு படிகமாகத் தொடங்கும். 29ஐக் கடக்கவிட்டால் மக்னீசிய உப்புகள் கலந்து கசக்கும். எனவே எஞ்சிய நீரை வடித்துவிடவேண்டும். இதனை அளக்கக் கருவி உண்டு. ஆனால் நான் கண்ட தொழிலாளர் ஒருவர், நீரின் நிறத்தையும் மேலே படரும் ஏட்டையும் பார்த்தே நாளைக்கு வாரலாம் என்றார். விடியுமுன் இறங்கி, வெயில் ஏறுமுன் கரையேறுவது அவர்கள் வழக்கம். வெண்மையின் கூச்சத்தில் ஒரு மணி நேரம் நின்ற எனக்கே கண் இருண்டது.

இங்கே ஓர் ஐயம் எழுந்தது. இத்துணைப் பெரிய காட்சியை நத்தத்தனார் எயிற்பட்டினப் பகுதியில் ஏன் குறிக்கவில்லை? உப்பு வணிகராகிய உமணர் இந்நூலில் வருகின்றனர். ஆனால் எயிற்பட்டினத்தில் அன்று, பாண்டியரின் கொற்கையில். உமணர் வண்டியோடு வந்த மந்தி, அவர்தம் பிள்ளைகளோடு சிப்பியுள் முத்தை இட்டுக் கிலுகிலுப்பை ஆட்டும் அழகிய காட்சி அது. புலவர் காலத்தில் இங்கு உப்பு விளையவில்லை எனக் கூற ஒருப்படேன். கழிகளுக்கு இடையே பிறந்தவர்க்கு அது புதுமையாகத் தோன்றவில்லை போலும்.

ஆயினும் உப்பு வேறோர் இடத்தில் வருகிறது. வழிகாட்டும் பாணன் தன் பழைய வறுமையைச் சொல்லுமிடம் அது. கண் திறவாத குட்டிகள் பாலற்ற முலையைக் கவர்தல் பொறாது தாய்நாய் குரைக்கும் அடுக்களையில், அவன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கொய்து உப்பின்றி வேகவைக்கிறாள். பிறர் கண்டு பழிப்பரோ என நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். வறுமையைக் கூறும் சங்கப் பகுதிகளுள் இதற்கு நிகராகச் சிலவே உள்ளன. ஆண்டுதோறும் இப்பகுதியை வகுப்பில் நடத்தியும், 'உப்பின்றி' என்பதன் கனம் உப்புக்குவியல் அருகே நின்றபோதுதான் எனக்கு முழுமையாகத் தெரிந்தது. நெல் இல்லை, மீன் இல்லை என்பது வறுமை. கடற்கரையை உடைய நாட்டில், மலிந்த பொருளாகிய உப்பும் இல்லை என்பது வறுமையின் அடிமட்டம். அதனால்தான் புலவர் அவ்வொரு சொல்லை அங்கு வைத்தார்.

இன்று அவ்வுப்பை விளைப்போர் நிலையையும் இத்தொடர்பில் கூறவேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பாத்தி நீரில் மூழ்கும், கூலியும் நின்றுவிடும், மீண்டும் தை, மாசி வரை காத்திருக்கவேண்டும். 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இவ்வளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. மழைக்காலத்தில் இங்கு வரும் மாணவர் காண்பது நீர்ப்பரப்பை மட்டுமே, உழைப்பைக் காணார்.

இரண்டாம் நிறுத்தம் வேலூர். இது கோட்டை நகராகிய வேலூர் அன்று. கழுவேலிக்கு மேற்கே உள்ள உப்புவேலூர் என்பர். கழுவேலி, எடையன்திட்டு முகத்துவாரம் வழியே கடல்நீரும் மழைக்காலத்தில் நன்னீரும் கலக்கும் பெரிய உவர்நீர் ஏரி. 2021இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. வேலூரைப் பற்றிய புதிர், கேணியில் பூத்த பூ வேலாகும் என்பது. பகைவர்க்கு அஞ்சிய நல்லியக்கோடன் கனவில் முருகன் தோன்றி, இக்கேணியில் பூக்கும் பூவை வாங்கி எறிக என்று அருளிய கதையை உரையாசிரியர் கூறாவிடின் அப்புதிர் அவிழாது. நிலத்தால் அவிழும் புதிர் ஒன்று, உரையால் அவிழும் புதிர் ஒன்று என இங்கு வேறுபாடு காணலாம்.

இவ்வழியின் அடையாளங்களாகக் கூறப்படும் காயாவின் பூவும், காந்தளும், செந்நிற இந்திரகோபப் பூச்சியும் மழை பெய்தால் காணத்தக்கவை. கோடையில் சென்ற எனக்கு அவை கிட்டுமாறில்லை. ஆனால் அதே பகுதியில் வெயிலால் வெதும்பிய குடிலும் கூறப்படுகிறது; அது தாராளமாகக் கிடைத்தது! அக்குடிலில் எயினர் மகளிர் புளியிட்ட சூடான சோற்றை ஆமான் இறைச்சியோடு தருவர்.

மூன்றாவது ஆமூர், திண்டிவனத்தை அடுத்த நல்லாமூர் எனக் கருதுவர். மருத நிலம். உலக்கையின் இரும்புப் பூண் தேயத் தேயக் குற்றிய அரிசிச் சோறும் நண்டும் அங்குப் பாணனுக்குக் கிடைக்கும். கடற்கரையில் மீன், காட்டில் இறைச்சி, வயலில் நண்டு என உணவு மாறுவதே பயணி நிலம் கடந்ததை உணர்த்தும் மைல்கல். இறுதியாகக் கிடங்கில். இன்று திண்டிவனம் நகரின் ஒரு பகுதியாகிவிட்ட அவ்வூரே ஓய்மாநாட்டின் தலைநகர். பொருநர்க்கும் புலவர்க்கும் அந்தணர்க்கும் அடையாத வாயில் உடையது நல்லியக்கோடன் அரண்மனை என்கிறது பாட்டு. தன் வீட்டுக் கதவை நாணத்தால் அடைத்த பாணன், அடையாத வாயிலை நோக்கி மற்றவனை அனுப்புகிறான். இவ்விரு கதவுகளுக்கும் இடைப்பட்ட தொலைவே இந்நூல்.

பாணன் விறலியோடும் சுற்றத்தோடும் சென்றான். நான் தனியே சென்றேன். எனினும் எவ்வூரிலும் எவரையேனும் வினவாமல் அடுத்த ஊருக்கு வழி தெரியவில்லை. கைப்பேசி காட்டும் படம் சாலையைக் காட்டும். உப்புவேலூருக்குத் திரும்பும் இடத்தில் எந்தப் பாதையில் ஊர்தி போகும் என்பதைத் தேநீர்க்கடைக்காரர்தான் சொன்னார்.

துறை மாணவர் இவ்வழியே செல்ல விரும்பின் சில குறிப்புகள். பேழை எதனையும் புதைக்கவேண்டா. உப்பளம் பிறர் தொழிலிடம், கழுவேலி சரணாலயம். 'எர்த்கேச்' முறையில் ஒவ்வோர் ஊருக்கும் இரண்டு வினாக்களை எழுதிச் செல்க. எயிற்பட்டினத்துக்கு: நால்வகைப் பூக்களில் எவை எஞ்சியுள்ளன? மதில் இருந்ததற்கு நிலத்தில் குறி ஏதும் உண்டா? மரக்காணம் வட அட்சரேகை 12.2, கிழக்குத் தீர்க்கரேகை 79.95 அளவில் உள்ளது. அங்கிருந்து திண்டிவனத்துக்கு நேர்வழியில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். உப்புவேலூருக்குக் கழுவேலியைச் சுற்றவேண்டும். பூமீசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குக. உப்பளத்தில் வரப்பின்மீது மட்டும் நடக்கவேண்டும். பாத்தியில் கால் பட்டால் சேறு கலங்கி அன்றைய உப்பு பாழாகும். பத்து மணிக்குள் அங்கிருந்து புறப்பட்டுவிடுக. குடிநீரும் கண்ணுக்கு நிழற்கண்ணாடியும் கட்டாயம் வேண்டும்.