பழைய லாரிக்கு ஒரு டர்போ

கே.ஜி.கண்டிகைச் சாலையில் பாரம் ஏற்றிய பழைய லாரி கரும்புகை கக்கித் திணறுவதைக் காண்கிறோம். டீசலுக்கேற்ற காற்று கிடைக்காமையே காரணம்.

இதற்கு வழி கண்டு 1905இல் காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி. வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டிலுள்ள மறு சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். இதுவே டர்போ சார்ஜர். நிமிடத்திற்கு 50,000 சுற்றுகளுக்கும் மேல் சுழலும் அத்தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலமே.

என் தந்தையார் ஓட்டும் லாரிக்குப் பழைய டர்போ பொருத்தினார்கள். தண்டில் ஆட்டமில்லை, ஆனால் ஆயில் திரும்பும் குழாய் மடிந்திருந்தது. ஆயில் கசிந்து நீலப்புகை வந்தது. பத்து நாள் வண்டி ஓடவில்லை. வீட்டில் வருமானமும் இல்லை.

ஆகவே நண்பர்களே, டீசலைக் கூட்டுமுன் குழாயைப் பாருங்கள். ஏற்றம் ஏறி வந்ததும் உடனே எஞ்சினை நிறுத்தாமல் 2 நிமிடம் மெல்ல ஓடவிடுங்கள். ஆயில் சூட்டைத் தணிக்கும்.