விற்குமுன் தட்டிப் பார்த்த படகு

ஆடி அமாவாசை நெருங்கும் நாட்களில் அமிர்தகழிக்குச் செல்வோர் மாமாங்கேஸ்வரரைத் தரிசித்துத் தீர்த்தக் குளத்தைக் கண்டு திரும்பிவிடுவது வழக்கம். நாமோ அன்று வாவிக்கரைப் பக்கமாகச் சிறிது நடந்தோம். தென்னை நிழலிலே ஒரு பழைய கண்ணாடியிழைப் படகு குப்புறக் கிடந்தது. உரிமையாளராகிய முதியவர் சிறு மரச்சுத்தியலால் அதனை அங்குலம் அங்குலமாகத் தட்டி, வைத்தியர் நோயாளியின் மார்பைத் தட்டிக் கேட்பதுபோலக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். படகை விற்கப் போகிறாராம்.

மரத்தோணிகளே ஓடிய மட்டக்களப்பு வாவிக்குக் கண்ணாடியிழைப் படகு பிற்காலத்தில் வந்த விருந்தாளி. 1960களின் பிற்பகுதியில் நோர்வே உதவியுடன் யாழ்ப்பாணத்துக் காரைநகரிலே தோன்றிய சீநோர் நிறுவனம் இவ்வகைப் படகுகளைக் கட்டிப் பெயர்பெற்றது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோரத்துப் படகுகளை அள்ளிச் சென்றபின், உதவி நிறுவனங்கள் வழங்கியவையும் பெரும்பாலும் இவ்வகையே. அவற்றுக்கு இன்று ஏறக்குறைய இருபது வயது.

கண்ணாடியிழை உளுத்துப்போகாது என்பது உண்மைதான். ஆயினும் மேற்பூச்சு வெடித்த இடத்தில் நீர் உட்புகுந்து, இழையடுக்குகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவிடும். நல்ல இடம் தட்டினால் ‘டங்’ என்று ஒலிக்கும்; பிரிந்த இடம் மந்தமாய் ஒலிக்கும். இயந்திரம் பூட்டும் பின்பலகையே பெரிய ஏமாற்றுக்காரன். ஆணித் துளைகளின் வழியே நீர் கசிந்து உள்ளிருக்கும் மரம் உக்கிப் போயிருந்தாலும், வெளியே பார்த்தால் மினுமினுப்பாகவே தோன்றும்.

பழுதான பகுதியை உறுதியான அடுக்கு தென்படும்வரை தேய்த்தெடுத்து, விளிம்பைச் சரிவாக்கி, ஈரம் முற்றும் நீங்கக் காயவைத்த பின்னரே புதிய கண்ணாடியிழைப் பாயை ரெசின் ஊற்றி ஒட்டவேண்டும். ஈரத்தின்மேல் ஒட்டியது நில்லாது. ஆகவேதான் மாரிமழைக்கு முன், கச்சான் காற்று வீசும் இம்மாதங்களை நம்மவர்கள் இவ்வேலைக்குத் தெரிந்தெடுக்கின்றனர். ரெசினுடன் சேர்க்கும் ஹார்ட்னர் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு போதும். மிகுந்தால் கலவை கொதித்து வெடிப்புறும். உச்சி வெயிலில் தூரிகை எடுக்குமுன்னரே இறுகிவிடும். காலை வேளையே உகந்தது.

வீட்டிலுள்ளோர்க்கு ஒரு வார்த்தை: தேய்க்கும்போது எழும் தூசி தோலை அரிக்கும், நுரையீரலுக்கும் ஆகாது. ரெசினின் ஆவி எளிதில் தீப்பற்றும். அடுக்களைப் பக்கத்தில் இவ்வேலை வேண்டாம்; பிள்ளைகளையும் அண்டவிடாதீர்கள்.

பெரியவர் அணியத்தைச் செப்பனிட்டுவிட்டார். பின்பலகையில் ஓரிடம் மட்டும் மந்தமாகவே ஒலித்தது. முழுவதும் மாற்றுவதற்குக் கையிலே பணமில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர், “பூச்சை அடிச்சு விடுங்க அண்ணன், ஆருக்குத் தெரியப்போகுது?” என்றார். பெரியவர் மறுமொழி கூறவில்லை. பாலமீன்மடு முகத்துவாரத்திலே, வாவி நீரும் கடலலையும் மோதும் இடத்தில் பின்பலகை பிளந்து இயந்திரம் நீரில் விழுந்தால் என்னவாகும் என்பதை, அங்கு நின்ற எவர்க்கும் விளக்கவேண்டியதில்லை.

வாங்க வந்தவன் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞன். உடன் தாயாரும் வந்திருந்தார். பெரியவர் கரித்துண்டினால் அவ்விடத்தைச் சுற்றி வட்டமிட்டு, “தம்பி, இதைத் தட்டிப் பாருங்க. இதை மாத்தாம முகத்துவாரம் தாண்டப்படாது” என்றார். இளைஞன் தட்டினான், தாயாரும் சுத்தியலை வாங்கித் தட்டினார். பலகை மாற்றும் செலவு விலையில் கழிந்தது. அது பெரியவருக்குச் சிறு தொகையன்று என்பதை அவர் முகம் காட்டிற்று.

உரிமை மாற்றத்தைக் கடற்றொழில் திணைக்களத்திலே பதிய வேண்டுமல்லவா? திங்கட்கிழமை காலை இருவரும் சேர்ந்தே செல்வதென முடிவாயிற்று. அதுவரை கரிவட்டத்தை அழிக்கவேண்டாம் என்று தாயார் கேட்டுக்கொண்டார்.