திருமுறை நூல்களும் மொழிகளின் எல்லையும்

ஒரே வகுப்பைச் சேர்ந்த இரு மாணவர்கள் தத்தம் இல்லத்திலிருந்து விவிலியத்தைக் கொண்டுவந்தால், இரண்டிலும் நூல்களின் எண்ணிக்கை வேறுபடக்கூடும். சீர்திருத்தத் திருச்சபையினரின் பதிப்பில் 66 நூல்கள் உள்ளன. கத்தோலிக்கரின் பதிப்பில் 73 நூல்கள் உள்ளன. எத்தியோப்பிய மரபுவழித் திருச்சபை 81 எனக் கணக்கிடுகிறது. "எது சரி?" என்று மாணவர் வினவும்போது, ஒரு தரப்பினர் நூல்களை நீக்கிவிட்டனர் என்றோ, மறுதரப்பினர் புதிதாகச் சேர்த்துவிட்டனர் என்றோ விடை கூறுவது எளிது. ஆயினும் அவ்விரு விடைகளும் வரலாற்றோடு பொருந்தா. இவ்வேறுபாட்டின் வேர் மொழியில் இருத்தலால், மொழி பயில்வோராகிய நாம் அதனை ஆராய்வது தகும்.

அளவுகோல் என்னும் சொல்

ஏற்கப்பட்ட மறைநூல் தொகுதியைக் குறிக்கும் 'கனோன்' என்னும் கிரேக்கச் சொல், முதலில் அளவுகோலைச் சுட்டியது. நாணலைக் குறித்த செமித்தியச் சொல் அதன் மூலம். நாணற்கோல் அளவுகோலாயிற்று, அளவுகோல் நெறியாயிற்று, நெறி நூற்பட்டியலாயிற்று. தமிழில் இதற்குத் 'திருமுறை' என்னும் சொல் வழங்குகிறது. சைவரின் பன்னிரு திருமுறைகளால் நமக்கு முன்பே பழகிய சொல் அது.

எபிரேயமும் கிரேக்கமும்

புதிய ஏற்பாட்டைப் பொறுத்தவரை இன்று பெரும் பிணக்கு இல்லை. அதன் 27 நூல்களையும் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியு 367ஆம் ஆண்டின் மடலில் பட்டியலிட்டுள்ளார். பிணக்கு பெரும்பாலும் பழைய ஏற்பாட்டைப் பற்றியதே.

கி.மு. 3ஆம் நூற்றாண்டு முதல் யூதரின் மறைநூல்கள் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டன. எழுபதின்மர் பெயர்ப்பு எனப்படும் அத்தொகுதியோடு தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரு நூல்கள் ஆகியனவும் வழங்கலாயின. தொடக்ககாலக் கிறித்தவர் பலர் கிரேக்கமே படித்தனர். ஆதலின் இவற்றையும் படித்தனர். யூத சமயமோ எபிரேயத் தொகுதியையே தன் எல்லையாகக் கொண்டது.

4ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலத்தீனில் விவிலியத்தைப் பெயர்த்த எரோணிமு, எபிரேயத் தொகுதிக்குப் புறம்பானவற்றைத் தனியே பிரித்துக் கருதினார். திருச்சபையில் வழங்கும் நூல்களை ஏற்பதே முறை என அகுஸ்தீன் கொண்டார். 397ஆம் ஆண்டின் கார்த்தேஜ் சங்கமும் அந்நூல்களைத் தன் பட்டியலில் சேர்த்தது.

ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் இவ்விரு கருத்துகளே எதிரெதிரே நின்றன. 1534இல் வெளிவந்த லூத்தரின் ஜெர்மன் விவிலியத்தில் அந்நூல்கள் இருந்தன. ஆனால், மறைநூலுக்கு இணையல்ல, படிக்கத்தக்கன என்னும் குறிப்போடு அவை தனிப்பகுதியாக வைக்கப்பட்டன. 1546இல் திரெந்துப் பொதுச்சங்கம் அவற்றை முழுமையான மறைநூல்களாக உறுதிசெய்தது. ஆகவே லூத்தர் அவற்றைத் தம் நூலினின்று அகற்றினார் என்பதும், திரெந்துச் சங்கம் அவற்றைப் புதிதாகப் புகுத்தியது என்பதும் பொருந்தாக் கூற்றுகளே. பிரித்தானிய அயல்நாட்டு வேதாகமச் சங்கம் 1826இல் அந்நூல்களுக்குப் பொருளுதவி செய்வதில்லை எனத் தீர்மானித்த பின்னரே, அவை இடம்பெறாத பதிப்புகள் உலகெங்கும் பெருகின.

எத்தியோப்பியத் திருச்சபை ஏனோக்கின் நூலையும் மறைநூலாகப் போற்றுகிறது. அந்நூல் முழுமையாக எஞ்சியிருப்பது அத்திருச்சபையின் வழிபாட்டு மொழியாகிய கீயெசு மொழியில் மட்டுமே.

சீராக்கின் நூல் தரும் பாடம்

எருசலேமில் எபிரேயத்தில் எழுதப்பட்ட சீராக்கின் நூலை ஆசிரியரின் பேரன் எகிப்தில் கிரேக்கத்திற்குப் பெயர்த்தார். எபிரேயத்தில் சொன்னது வேறு மொழியில் அதே ஆற்றலோடு அமைவதில்லை என்று அவர் முன்னுரையில் வருந்துகிறார். மொழிபெயர்ப்பாளர் அனைவரும் உணர்ந்த வருத்தம் அது! காலப்போக்கில் எபிரேய மூலம் மறைந்தது. கிரேக்கப் பெயர்ப்பு நிலைத்தது.

1896இல் கெய்ரோவின் பழைய தொழுகைக்கூடம் ஒன்றிலிருந்து வந்த ஏட்டில் எபிரேய மூலத்தின் ஒரு பகுதியைச் சாலமன் செக்டர் இனங்கண்டார். 1964இல் மசாதாக் கோட்டை அகழாய்வில் மேலும் பழமையான பகுதி கிடைத்தது. எபிரேய மூலம் இல்லை என்பதுதான் தடை எனின், அத்தடை நீங்கிவிட்டது. எனினும் எந்தத் திருச்சபையும் தன் பட்டியலை மாற்றவில்லை.

இங்கு நாம் காணவேண்டியது ஒன்றுண்டு. மொழியெல்லையில் தோன்றிய வேறுபாடு, மொழிச்சான்றால் தீரவில்லை. எம்மொழியில் எழுதப்பட்டது என்பதைக் காட்டிலும், எச்சமூகம் அதனைத் தன் வழிபாட்டில் தொடர்ந்து ஓதிவந்தது என்பதே எல்லையை வரைந்தது.

பெயரிலேயே தீர்ப்பு

தமிழில் இந்நூல்களுக்கு வழங்கும் பெயர்களும் இதனைக் காட்டும். 'தள்ளுபடி ஆகமங்கள்' என்பது ஒரு தரப்பின் வழக்கு. 'இணைத் திருமுறை நூல்கள்' என்பது மறுதரப்பின் வழக்கு. தள்ளுபடி என்றதும் விலக்கப்பட்டமை தோன்றுகிறது. இணை என்றதும் ஏற்கப்பட்டமை தோன்றுகிறது. நூலைத் திறக்குமுன்னரே பெயர் தீர்ப்பு வழங்கிவிடுகிறது.

எனவே வகுப்பறையில் "விவிலியத்தில் எத்தனை நூல்கள்?" என்னும் வினாவுக்கு ஓர் எண்ணை மட்டும் விடையாகக் கொள்ளுதல் போதாது. எந்தத் திருச்சபையின் கணக்கு என்பதையும் சேர்த்துக் கூறவேண்டும். 66 என எழுதிய மாணவரும் 73 என எழுதிய மாணவரும் தத்தம் இல்லத்தில் கண்டதையே எழுதியுள்ளனர். ஒருவருக்குத் தவறு எனக் குறியிடுமுன், அவ்வெண்ணின் பின்னே நிற்கும் நெடிய வரலாற்றை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.