கணினி சூடாகி அணைகிறதா? முதலில் தூசியைப் பாருங்கள்

மடிக்கணினியைத் திறந்த பத்தாவது நிமிடத்தில் காத்தாடி இரையத் தொடங்குகிறது. அரை மணி நேரத்தில் திரை இருண்டு, பிள்ளை செய்துகொண்டிருந்த இடுபணி பாதியில் போய்விடுகிறது. உடனே 'கணினி கெட்டுப் போச்சு' என்று முடிவுகட்டி, புதியது வாங்கக் கடன் தேடும் பெற்றோர் உண்டு. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபின், இல்லிருப்புக் கற்றலுக்காக அவசரத்தில் வாங்கிய கணினிகள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. அவற்றில் பழையதாக வாங்கியவையும் அதிகம். கடனுக்குப் போகுமுன் அவற்றின் உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

கணினியின் செயலி வேலை செய்யும்போது சூடாகும். அந்தச் சூட்டை நெருக்கமான மெல்லிய உலோகத் தகடுகள் வாங்கிக்கொள்ள, காத்தாடி காற்றை ஊதி வெளியே தள்ளும். காத்தாடிக்கும் தகடுகளுக்கும் இடையில்தான் தூசி படிகிறது. நாளடைவில் அது கம்பளித் துண்டுபோல் இறுகி வழியை அடைத்துவிடும். சூடு 100 பாகை செல்சியஸை நெருங்கும்போது பெரும்பாலான கணினிகள் தாமாகவே வேகத்தைக் குறைக்கும். அப்போதும் அடங்காவிட்டால் அணைந்துவிடும். கணினி மெதுவானால் எல்லாரும் 'வைரஸ்' என்கிறார்கள். பல நேரங்களில் குற்றவாளி இந்தத் தூசிதான்.

நம் வீடுகளில் தூசிக்குப் பஞ்சமில்லை. தோட்டத்தில் செம்பனை லோரி கிளப்பும் செம்மண், பட்டணத்தில் சாலைப் புழுதி, புகைமூட்டக் காலத்துச் சாம்பல், பூனை முடி எல்லாம் உள்ளே போகும். தாளிக்கும் எண்ணெய் ஆவியும் சாம்பிராணிப் புகையும் அதைப் பிசுபிசுப்பாக்கி ஒட்ட வைத்துவிடும். சாமி மேடைக்குக் கீழேயோ சமையலறைக்குப் பக்கத்திலோ கணினி இருந்தால், முதலில் இடத்தை மாற்றுங்கள். அதற்குக் காசு செலவில்லை.

சுத்தம் செய்யவும் பெரிய செலவு இல்லை. சாயம் அடிக்கும் ஓர் அங்குலத் தூரிகை (புதியதாக, மென்மையாக இருக்கட்டும்), கேமராவுக்குப் பயன்படுத்தும் ரப்பர் ஊதுகுமிழ், பல் குத்தும் குச்சி, சிறிய திருப்புளி இருந்தால் போதும். ஊதுகுமிழ் கிடைக்காவிட்டால் பந்துக்குக் காற்றடிக்கும் கைப்பம்பும் உதவும். டின்னில் விற்கும் காற்று வேலையைச் சுலபமாக்கும், ஆனால் விரைவில் தீர்ந்துவிடும். அதை நிமிர்த்தியே பிடிக்க வேண்டும். சாய்த்தால் உறையவைக்கும் திரவம் சிந்தும். சிலவற்றில் தீப்பற்றும் வாயு இருப்பதால் விளக்கு, அடுப்புப் பக்கம் வேண்டாம்.

கணினியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, திறக்கும் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும். கழற்றக்கூடிய மின்கலமானால் அதையும் எடுத்துவிடுங்கள். மேசைக் கணினியை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பக்கத் தகட்டைத் திறந்து, உலோகச் சட்டத்தை ஒரு முறை தொட்டுவிட்டு, தூரிகையால் மேலிருந்து கீழாகத் தட்டி ஊதுங்கள். காத்தாடியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்வது முக்கியம். சுழலவிட்டு ஊதினால் அளவுக்கு மீறி ஓடி அதன் அச்சு கெடும்.

மடிக்கணினியில் வெளியிலிருந்து ஊதினால் இறுகிய தூசி அசையாது, சில சமயம் உள்ளேயே நகர்ந்து வேறோரிடத்தில் அடைக்கும். அடித்தகட்டைக் கழற்றினால்தான் பலன். ஆணிகளின் நீளம் வேறுபடும் என்பதால் ஒரு தாளில் அவை இருந்த இடப்படியே அடுக்கி வையுங்கள். மூடியபின் முதல் வேலையாக, காற்று வெளிவரும் துவாரத்தில் கை வைத்துப் பாருங்கள். முன்பைவிட வேகமாக வந்தால் அடைப்பு நீங்கிவிட்டது. உத்தரவாதக் காலம் முடியாத கணினியைத் திறக்காமல் கடைக்கே கொண்டுபோங்கள்.

பெட்ரோல் நிலையத்துக் காற்றையோ மோட்டார் பட்டறைக் காற்றையோ அடிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அந்தக் காற்றில் நீரும் எண்ணெயும் கலந்திருக்கும், அழுத்தமும் அதிகம். வீட்டுத் தூசி உறிஞ்சியின் குழாயைத் தாய்ப்பலகை அருகே கொண்டுபோனால் நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுக்கலாம். ஈரத்துணி உள்ளே கூடவே கூடாது. பிசுபிசுப்புக்கு 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் அல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டபின் மின்சாரம் கொடுங்கள்.

மேசைக் கணினியில் மின்கம்பி செருகும் பெட்டியை மட்டும் யாரும் திறக்க வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதனுள் ஆளைத் தாக்கும் மின்னூட்டம் தங்கியிருக்கும். அதை வெளியிலிருந்து ஊதினால் போதும்.

துடைத்தபின் கணினி 'பீப்' என்று கத்தி, திரை வராவிட்டால் பயப்படாதீர்கள். பெரும்பாலும் நினைவகப் பட்டை தளர்ந்திருக்கும். மீண்டும் மின்கம்பியைக் கழற்றி, பட்டையை எடுத்து நேராக அழுத்திப் பொருத்துங்கள். தூசி எடுத்தும் சூடு குறையாவிட்டால் செயலிக்கும் தகடுகளுக்கும் இடையிலுள்ள வெப்பப் பசை காய்ந்திருக்கலாம். அதை மாற்றக் கடையில் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுக்கொண்டு கொடுங்கள்.