வயலினுக்குள் ஓர் ஊர்ப்பெயர்

மிலானிலிருந்து மாந்துவா செல்லும் ரயிலில் ஏறி ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக உட்கார்ந்தால் கிரெமோனா வந்துவிடும். வழி நெடுகச் சமவெளி. மக்காச்சோளக் கொல்லைகள், வரிசை பிடித்து நிற்கும் பாப்லர் மரங்கள், போ நதி வளமாக்கிய கறுத்த மண். வெனிஸ், ஃபுளோரன்ஸ் என்று பறக்கும் கூட்டம் இந்த ஸ்டேஷனில் இறங்குவதில்லை. என்னோடு இறங்கியவர்கள் பள்ளிப் பிள்ளைகள் சிலரும், காய்கறிப் பையோடு இரண்டு பாட்டிகளும், முதுகில் வயலின் பெட்டி மாட்டிய ஒரு பையனும்தான்.

அந்தப் பெட்டிக்காகத்தான் நானும் வந்திருந்தேன். நம் கச்சேரி மேடையில் பாடகருக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு, கணுக்காலில் சுருள் முனையைத் தாங்கி வாசிக்கிறார்களே, அந்த வயலினின் வடிவம் நிலைபெற்றது பெரும்பாலும் இந்த ஊரில்தான். 16ஆம் நூற்றாண்டில் இங்கே பட்டறை வைத்திருந்த ஆந்திரேயா அமாத்தியின் கையில் அது அமைந்தது. பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தபோது அந்த வடிவத்துக்கு இருநூறு வயதுக்கு மேல் ஆகியிருந்தது.

ஊர் சிறியது. எழுபதாயிரம் பேர் இருப்பார்கள். எல்லாத் தெருவும் கடைசியில் பேராலயச் சதுக்கத்துக்குத்தான் கொண்டுபோய் விடுகிறது. அங்கே தொர்ராட்சோ என்ற செங்கல் கோபுரம், 112 மீட்டர் உயரம். 502 படிகள். பாதியில் மூச்சு வாங்க நின்றால், 1580களில் பொருத்திய கடிகாரத்தின் பொறிகளைப் பார்க்கலாம். மணியை மட்டுமல்ல, நிலவின் தேய்வு வளர்ச்சியையும் ராசிகளையும் அது காட்டுகிறது. உச்சியிலிருந்து ஓட்டுக் கூரைகளையும் தூரத்து நதியையும் பார்த்துவிட்டு இறங்கி, நேராக ரோமா சதுக்கத்துக்கு நடந்தேன்.

மரங்களும் பெஞ்சுகளும் உள்ள சாதாரணப் பூங்கா அது. குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். ஒரு காலத்தில் இங்கே சான் தொமேனிகோ தேவாலயம் இருந்தது. 1737 டிசம்பரில் தொண்ணூறு வயதைத் தாண்டி இறந்த அந்தோனியோ ஸ்திராதிவாரியை அங்கேதான் அடக்கம் செய்தார்கள். 1869இல் தேவாலயத்தை இடித்தார்கள். எலும்புகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. இப்போது இருப்பது பெயர் பொறித்த ஒரு கல். ஏலத்தில் கோடிக்கணக்கில் விலைபோகும் வயலின்களைச் செய்தவரின் கல்லறையை அவர் ஊரே தொலைத்துவிட்டது என்பதை அந்தக் கல்லின் முன் நின்றபோது என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கல்லறை மட்டுமல்ல, தொழிலே போய்விட்டது. அமாத்தி வம்சத்தின் கடைசிக் கைவினைஞர் 1740இல் இறந்தார். ஸ்திராதிவாரியின் பட்டறையில் இருந்த இரு மகன்கள் 1742, 1743இல் போனார்கள். அவருக்கு நிகராகச் சொல்லப்படும் குவார்னேரி தெல் ஜெசு 1744இல், கார்லோ பெர்கோன்சி 1747இல். ஸ்திராதிவாரி இறந்து பத்தே ஆண்டுகளில் பெரிய கைகள் அத்தனையும் ஓய்ந்தன. பிறகு ஒன்றிரண்டு பேர் தாக்குப்பிடித்தார்கள், அவ்வளவுதான். இன்னொரு மகன் பாவ்லோ துணி வியாபாரி. தந்தையின் அச்சுகள், காகித வார்ப்புருக்கள், கருவிகள் அனைத்தையும் 1770களில் குடும்பம் வெளியூர்ப் பிரபு ஒருவருக்கு விற்றுவிட்டது.

ஸ்திராதிவாரியின் வார்னிஷில் என்ன ரகசியம், மரத்தை எதில் ஊறவைத்தார் என்று உலகம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. கிரெமோனாவில் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. இந்த ஊரில் தொழில் அணையப்போன போதெல்லாம் அதைக் காப்பாற்றியவர்கள் வாசலுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள். 1630இல் கொள்ளைநோய் வந்தபோது ஆந்திரேயா அமாத்தியின் மகன் ஜிரோலமோ அதற்குப் பலியானார். பேரன் நிக்கோலோ ஒருவர்தான் மிஞ்சினார். அதுவரை அப்பனிடமிருந்து பிள்ளைக்கு என்று வீட்டுக்குள்ளேயே இருந்த வித்தையை அவர் வெளிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். 1641இல் அவர் வீட்டில் தங்கிப் பழகிய ஆந்திரேயா குவார்னேரியின் பேரன்தான் அந்த தெல் ஜெசு. நிக்கோலோ கதவைச் சாத்தியே வைத்திருந்தால் வயலின் வரலாறே வேறாகியிருக்கும்.

இரண்டாவது முறையும் அப்படித்தான். பொலோஞ்ஞா பக்கத்துக்காரரான ஜுசெப்பே ஃபியொரினி என்ற வயலின் கைவினைஞர், விற்றுப்போன அந்த அச்சுகளைப் பிரபுவின் வாரிசுகளிடமிருந்து 1920இல் வாங்கினார். 1930இல் கிரெமோனாவுக்கே தானமாகக் கொடுத்தார். இங்கே மறுபடி ஒரு பள்ளி வேண்டும் என்பது அவர் ஆசை. 1934இல் இறந்துவிட்டார். பள்ளி 1938இல் திறந்தது.

அந்த அச்சுகள் இப்போது வயலின் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னே இருக்கின்றன. உள்ளங்கை எண்ணெய் ஏறிப் பழுத்த மரத்துண்டுகள். காகிதத்தில் பேனா மையால் குறித்த அளவுகள், அடித்துத் திருத்திய கோடுகள். கண்ணாடிப் பேழையில் தனியாக மின்னும் 1715ஆம் ஆண்டு ‘கிரெமோனேசே’ வயலினைவிட இந்தத் திருத்தல்களின் முன்தான் நான் அதிக நேரம் நின்றேன்.

இதே கட்டடத்தில் ஓர் அரங்கம் உண்டு. பழைய வாத்தியங்கள் வாசிக்காமல் கிடந்தால் குரல் மங்கிவிடும் என்ற நம்பிக்கையால், அவற்றை முறையாக எடுத்து வாசிக்க வைக்கிறார்கள். 2019இல் இந்த அரங்கத்துக்காக ஊரே வாயடைத்தது. ஸ்திராதிவாரி, குவார்னேரி, அமாத்தி செய்த நான்கு வாத்தியங்களின் ஒவ்வொரு சுரத்தையும் ஐந்து வாரம் பதிவு செய்தார்கள். தெருக்கல்லில் உருளும் கார்ச் சக்கரமும் குதிகால் செருப்பும் மைக்கில் விழுந்தன. சுற்றுத் தெருக்களில் வண்டிகளை நிறுத்தினார்கள். அக்கம்பக்கத்தார் சத்தம் போட வேண்டாம் என்று மேயர் கேட்டுக்கொண்டார். உள்ளே குளிர்சாதனமும் லிஃப்ட்டும் நின்றன. கல்லறையைத் தொலைத்த அதே ஊர் இது என்று நினைத்தபோது மனம் நெகிழ்ந்தது.

மதியச் சாப்பாட்டில் மொஸ்தார்தா வந்தது. சர்க்கரைப் பாகில் ஊறிய முழுப் பழங்கள். வாயில் போட்ட பிறகுதான் கடுகின் காரம் மூக்கில் ஏறுகிறது. வேகவைத்த இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ளத் தருகிறார்கள். ஊறுகாய்ப் பழக்கமுள்ள நாக்குக்கு இது உறவு.

சாயங்காலம் ஒரு பட்டறைக்குப் போனேன். நூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஊரில் உண்டு. ஜப்பான், கொரியா, சீனா, பிரான்ஸ் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து அந்தப் பள்ளியில் படித்துவிட்டு இங்கேயே தங்கிவிட்டவர்கள் பலர். நான் போன பட்டறைக்காரர் கொரியப் பெண்மணி. அறை முழுக்க மரவாசனை, தரையில் சுருள்சுருளாக இழைப்புச் சீவல். மேல் பலகைக்கு ஃபியெம்மே பள்ளத்தாக்கின் ஸ்புரூஸ் மரம். குளிரில் மெதுவாக வளர்வதால் அதன் வளையங்கள் நெருக்கமாக இருக்கும். 2018 அக்டோபர்ப் புயலில் அந்தப் பக்கத்துக் காடுகளில் மரங்கள் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்ததைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியது.

விரல் நுனி அளவே உள்ள ஓர் இழைப்புளியால் பலகையைச் சீவினார். நிறுத்தினார். ஓரத்தை இரு விரலால் பிடித்துக் காதருகே கொண்டுபோய்த் தட்டினார். மறுபடி சீவினார். தடிமன் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர். கருவி வைத்து அளந்தாலும் கடைசி முடிவு காதினுடையது. அருகே முடிந்த வயலின் ஒன்று இருந்தது. வளைந்த கம்பியால் அதன் துளை வழியே ஒரு சின்ன மரக்குச்சியை உள்ளே செருகி, தந்திகளைத் தாங்கும் குதிரைக்குப் பின்னே நிறுத்தினார். மேல் பலகையின் அதிர்வை அடிப்பலகைக்குக் கடத்துவது இதுதான். மயிரிழை நகர்ந்தாலும் நாதம் மாறும். இத்தாலியில் அதற்கு ‘அனிமா’ என்று பெயர். உயிர் என்று அர்த்தம்.

“வருஷத்துக்கு எத்தனை வயலின் செய்வீர்கள்?” என்று கேட்டேன்.

“ஐந்து. நன்றாக அமைந்த வருஷம் ஆறு.”

கிளம்பும் முன் அந்த வயலினை விளக்குக்கு நேராகச் சாய்த்துக் காட்டினார். துளை வழியே உள்ளே பார்த்தேன். அடிப்பலகையில் ஒட்டிய சிறு காகிதம். முதல் வரியில் அவருடைய கொரியப் பெயர். அதன் கீழே கிரெமோனா, அதற்குக் கீழே ஆண்டு.