உங்களுக்குத் தெரியுமா? ஜனப்பெருக்கமும் கதிரவெளி யானையும்

1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சலுக்கு ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பறிகொடுத்த இலங்கைத் தீவில், உலகப் போர் ஓய்ந்ததும் டி.டி.ரி. மருந்து வீடுதோறும் தெளிக்கப்படவே, 1946இல் ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த மரண விகிதம் மறு ஆண்டே 14 ஆகத் தாழ்ந்து, ஜனத்தொகை ஆராய்ச்சியாளரைத் திகைக்க வைத்தது. (கீர்த்தி முழுவதும் மருந்துக்கே உரியதா, ஆஸ்பத்திரிக்கும் உணவுக்கும் பங்குண்டா என்ற விவாதம் தனிக் கதை.) 1946இல் 66 லட்சத்துக்குச் சற்று மேற்பட்டிருந்த ஜனங்கள் 1981இல் 148 லட்சமாயினர்.

காய்ச்சலுக்கு அஞ்சி மனிதர் அணுகாதிருந்த உலர்வலய வனங்கள் வயல்களாயின. 1949இல் தொடங்கிய கல்லோயாக் குடியேற்றத் திட்டம் அதற்குப் பிரசித்தமான உதாரணம். காடு சுருங்கினால் யானை எங்கே போகும்? மட்டக்களப்பு மாவட்டத்தின் கதிரவெளி, வாகரைப் பக்கத்து வயல்வட்டைகளில் வேளாண்மைக் கதிர் முற்றும் காலத்தில், மரக்கொம்பிற் கட்டிய பரணின்மேல் விளக்கும் யானைவெடியுமாக உழவன் கண்விழித்திருக்க, தன் பாட்டன் நடந்த பாதை இதுவென்று எண்ணியோ என்னவோ, யானை வேலியை முறித்துக்கொண்டு இறங்குகிறது. இருவர் பக்கமும் நியாயம் உண்டு, நிலந்தான் போதவில்லை.

ஆயினும் ஜனப்பெருக்கத்தின் வேகம் பின்னர் தணிந்தது: பலவந்தச் சட்டம் எதுவுமின்றி, பெண்கள் கல்வி கற்று விவாகத்தைப் பிற்போட்டமையாலும் குடும்பக் கட்டுப்பாட்டு வசதிகளாலும், 1953ஐ ஒட்டிச் சராசரி ஐந்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்ற இலங்கைத் தாய்மார், 1990களில் ஏறக்குறைய இரண்டுடன் நிறுத்திக்கொண்டனர்.