சாலை முடியும் இடம்

1999-இல் வந்த ‘தி தேர்ட்டீன்த் ஃப்ளோர்’ படத்தில் நாயகன் டக்ளஸ் ஹால் காரை எடுத்துக்கொண்டு ஊர் எல்லையைத் தாண்டிப் போகிறான். தடுப்புகளையும் மீறிப் போனால், ஓரிடத்துக்கு அப்பால் மண்ணும் இல்லை, மலையும் இல்லை; வெறும் பச்சைக் கோடுகள். 1937-ஆம் வருட லாஸ் ஏஞ்சலஸைக் கணினிக்குள் கட்டியவர்களில் அவனும் ஒருவன். தன் ஊரும் யாரோ கட்டியதுதான் என்பது அங்கேதான் அவனுக்கு உறைக்கிறது.

அதே ஆண்டு சற்று முந்திக்கொண்டு வந்த ‘தி மேட்ரிக்ஸ்’ இந்தப் படத்தை அமுக்கிவிட்டது. கதை என்னவோ பழையது. டேனியல் கலூயே 1964-இல் எழுதிய ‘சிமுலாக்ரான்-3’ நாவல். 1973-இல் ஜெர்மனியில் ஃபாஸ்பிண்டர் அதை இரண்டு பகுதித் தொலைக்காட்சிப் படமாக எடுத்தார். நாவலில் அந்தப் பொய்யூரை எதற்குக் கட்டுகிறார்கள் தெரியுமா? மக்களுக்கு எது பிடிக்கும் என்று ஆள் வைத்துக் கேட்டுத் திரியாமல் இருக்க! ஓர் உலகமே சந்தை ஆய்வுக்காக. மனிதர்களை பேட்டரியாக்கும் மேட்ரிக்ஸைவிட எனக்கு இதுதான் நம்பும்படி இருக்கிறது.

சரி, சாலையை ஏன் பாதியில் விட்டார்கள்? சிக்கனம்தான். வீடியோ கேமில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் தெருவைக் கணினி வரைவதே இல்லை, திரும்பினால்தான் வரையும். மெய்நிகர் கண்ணாடியில் நொடிக்கு 90 படம் என்றால், ஒரு படத்துக்குக் கிடைப்பது 11 மில்லி நொடி. தலை திரும்பியும் காட்சி திரும்பத் தாமதித்தால் குமட்டும். அதனால் 2023-இல் வந்த பிளேஸ்டேஷன் விஆர்2 கண்ணாடி இன்னும் கஞ்சத்தனம் செய்கிறது: விழி எங்கே பார்க்கிறது என்று கவனித்து, அந்த இடத்தை மட்டும் துல்லியமாக வரைகிறது. ஓரமெல்லாம் மங்கல்.

போட்டிருப்பவருக்கு அது தெரிவதில்லை. ஏனென்றால் கண்ணும் அப்படித்தான். கையை நீட்டினால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவு, ஏறக்குறைய 2 டிகிரி, அவ்வளவுதான் விழித்திரையின் நடுக்குழி கூர்மையாகப் பார்க்கிறது. விழி நொடிக்கு மூன்று முறை அங்குமிங்கும் தாவ, கிடைத்த துண்டுகளை மூளை ஒட்டுப்போடுகிறது.

ஒன்று செய்து பாருங்கள். இடது கண்ணை மூடி, இரு கட்டைவிரல்களையும் சேர்த்து நேரே நீட்டுங்கள். இடது விரலையே பார்த்தபடி வலது விரலை மட்டும் மெல்ல வலப்பக்கம் நகர்த்துங்கள். முக்கால் சாண் போனதும் அதன் நுனி காணாமல் போகும். அதன் பிம்பம் அப்போது விழுவது பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில், அங்கே ஒளியுணரும் செல்களே கிடையாது. ஆனால் பார்வையில் ஓட்டை எதுவும் தெரியாது, பச்சைக் கோடுகளும் தெரியாது. பின்னாலிருக்கும் சுவரின் நிறம்தான் தெரியும்.